எதிர்ப்பக்கம் திரும்பிய சக்கரங்கள்

கொவென்ட்ரி,
04.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

படங்களைச் சுருட்டி அனுப்பின குழாய் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரன் மழையில் நனைத்துவிடுவானோ என்ற பயத்தில் பெற்றோல் செட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன். நாற்பது தாளும் பத்திரம். ஒரு மூலைகூட மடங்கவில்லை. நிலத்தில் பெட்சீற் விரித்து எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி, கதிரையில் ஏறி நின்று பார்த்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் ஏறினேன்.

அக்கா, நீங்கள் பலகையில் வெட்டி அச்சடித்த படங்களிலேயே இதுதான் திறம். ஜாகுவார் நல்லது, லோட்டஸ் அதைவிட நல்லது. ஆனால் இந்தச் சிவப்பு மசராட்டிக்குக் கிட்ட அவை இரண்டும் நிற்காது. முதிரைப் பலகையின் ரேகை சிவப்பு மைக்குள் நீளமாக ஓடுகிறது. காரின் உடம்பில் காற்று உரசிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிகிறது. 1957ஆம் ஆண்டு ஓடின காரை 2024இல் வட்டக்கச்சியில் இருந்து ஒருவர் ஓடவிட்டிருக்கிறார், அவர் என் அக்கா என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பழைய பந்தயக் கார்ச் சங்கத்துக்காரர் பெற்றோல் அடிக்க வந்த இடத்தில் என் போனில் உங்களுடைய பூநகரி பஸ் படத்தைக் கண்டு, "இவரால் பந்தயக் கார் வெட்ட முடியுமா?" என்று கேட்டபோது, முடியும் என்று உங்களைக் கேளாமலே சொன்னவன் நான். ஐந்து கார் என்று பேச்சு. மூன்று முடிந்துவிட்டது.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். படத்தில் பாதை இடப்பக்கம் வளைகிறது. காரின் மூக்கும் இடப்பக்கம்தான் பார்க்கிறது. ஆனால் முன்சக்கரங்கள் இரண்டும் வலப்பக்கம் திரும்பி நிற்கின்றன! எப்படி நடந்தது என்று எனக்கு விளங்குகிறது. பலகையில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றித்தான் வெட்ட வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். பாதையை மாற்றினீர்கள், காரை மாற்றினீர்கள், நம்பரைக்கூட மறக்காமல் மாற்றினீர்கள். சக்கரத்தை மட்டும் மறந்துவிட்டீர்கள். யாருக்கும் வரக்கூடிய பிழைதான்.

மார்ச் 16 சங்கத்தின் கண்காட்சி. சக்கரங்களை மட்டும் திருத்தி இன்னொரு நாற்பது அடித்து அனுப்ப முடியுமா? தாள் நான் உடனே அனுப்புகிறேன். கோபிக்க வேண்டாம். உங்களுடைய பெயர் இங்கே நல்லபடி எழும்ப வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அன்புத் தம்பி,
சுகிர்தன்


வட்டக்கச்சி,
25.02.2024

தம்பி,

சக்கரம் சரி.

மறக்கவும் இல்லை, மாறவும் இல்லை. பதினெட்டு வருடமாகப் பலகை வெட்டுகிற எனக்கு இடம் எது வலம் எது என்று கொவென்ட்ரியில் இருந்து ஆள் வந்து சொல்லத் தேவையில்லை.

நீ அனுப்பின போட்டோக்கள் எல்லாவற்றிலும் அந்தக் கார் கயிறு கட்டி மறித்த ஒரு மண்டபத்துக்குள் நிற்கிறது. நிற்கிற வாகனம் பார்ப்பதென்றால் நான் கிளிநொச்சிச் சந்திக்குப் போனால் போதும். அது ஓடுவதற்குச் செய்த கார். அதனால் வளைவையும் ஓட்டத்தையும் நானே போட்டேன். பாதை இடப்பக்கம் வளைகிறது, சரி. கார் வந்த வேகத்தில் பின்சக்கரங்கள் பிடி விட்டு வலப்பக்கம் வழுக்குகின்றன. அந்த நேரம் ஓட்டுகிற மனிசன் ஸ்டியரிங்கை இடப்பக்கமே பிடித்துக்கொண்டிருந்தால் கார் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு வேலிக்குள் போகும். வழுக்குகிற பக்கத்துக்கே அவர் சக்கரத்தைத் திருப்புகிறார். அப்போதுதான் கார் நேருக்கு வரும். நான் வெட்டினது அந்த ஒரு நொடியை. படத்தைப் பார்த்ததும் கார் தாளை விட்டு வெளியே வரும்போல் இருந்திருக்குமே? சக்கரம் எதிர்ப்பக்கம் நிற்பதால்தான் அப்படித் தெரிகிறது.

திருத்தி அடிக்கிற கதை வேண்டாம். பலகைகள் இல்லை. நாற்பதாவது தாளை உரித்து எடுத்த கையோடு, சிவப்புப் பலகையிலும் கறுப்புப் பலகையிலும் குறுக்காக உளியை இழுத்துவிட்டேன். எப்போதும் செய்கிறதுதான். நாற்பது என்று தாளில் எழுதினால் நாற்பதுதான் இருக்க வேண்டும். பலகை முழுசாகக் கிடந்தால் நாற்பத்தோராவது தாளுக்குக் கை அரிக்கும்.

என்னிடம் அச்சு மெஷின் கிடையாது என்பது உனக்குத் தெரியும். குடைக்கம்பியை அராவிச் செய்த உளியும், எவர்சில்வர் கரண்டியின் முதுகும்தான் என் தொழிற்சாலை. கரண்டியால் ஒரு தாளைத் தேய்த்து முடிக்க முக்கால் மணித்தியாலம். ஒரு தாளுக்கு இரண்டு நிறம், நாற்பது தாள். சக்கரத்தை அசட்டையாக வெட்டிவிட்டு இவ்வளவையும் தேய்க்க எனக்கென்ன விசரா?

படங்களை அப்படியே கண்காட்சிக்கு வை.

அக்கா


கொவென்ட்ரி,
20.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கண்காட்சி நல்லபடி முடிந்தது. நாற்பதில் இருபத்துமூன்று போய்விட்டது! ஜாகுவார் படத்தை வைத்தபோது ஆறு தாள் விற்கவே மத்தியானம் ஆனது. இந்த முறை பதினொரு மணிக்கே என் மேசையைச் சுற்றிச் சனம். தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறார்கள், கையால் அடித்ததா என்று கேட்கிறார்கள், பின்பக்கத்தில் கரண்டி தேய்த்த அடையாளத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். கரண்டி என்று நான் சொன்னதும் ஒரு அம்மா தன்னுடைய கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா.

உங்களுடைய கடிதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்றில்லை. ஆனால் அக்கா, அங்கே வருகிற ஆட்கள் முழுப்பேரும் கார் தெரிந்த ஆட்கள். பிள்ளைப் பராயத்தில் இருந்தே இதே பைத்தியம். அவர்களில் ஒருவர் சக்கரத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? வழுக்கல், பிடி விடுதல் என்று உங்களுடைய விளக்கத்தை என் ஆங்கிலத்தில் சொல்லப்போய், எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டால்?

அதனால் நானே முந்திக்கொண்டேன். சின்னத் துண்டு ஒன்று அச்சடித்து ஒவ்வொரு படத்தின் உறைக்குள்ளும் வைத்தேன். மேசையிலும் ஒன்று. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்தப் படத்தை வெட்டிய பெண் இலங்கையில் ஒரு விவசாயக் கிராமத்தில் வாழ்கிறார். பந்தயக் கார் ஒன்றையும் அவர் கண்ணால் கண்டதில்லை. முன்சக்கரங்கள் பிழையான பக்கம் திரும்பியிருப்பதைத் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும்."

நீங்கள் நம்பமாட்டீர்கள், அது நன்றாக வேலை செய்தது. துண்டை வாசிப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், திரும்பவும் துண்டை வாசிப்பார்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எவ்வளவு நல்ல மனம் பாருங்கள். ஹரல்ட் என்று எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவர், அந்தக் காலத்தில் பந்தயக் கார்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். அவர் துண்டை வாசித்துவிட்டு என் தோளில் தட்டிக் கண்ணைச் சிமிட்டினார்.

ஆகவே எல்லாம் சமாளித்தாயிற்று. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். நாலாவது காரைத் தொடங்குங்கள்.

அன்புத் தம்பி,
சுகிர்தன்


வட்டக்கச்சி,
10.04.2024

சுகிர்தன்,

வருசப் பிறப்புக்கு வழமைபோல் போன் எடுப்பாய். எடுத்தாலும் போகாது. உன்னுடைய நம்பரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சமாளித்துவிட்டாயா? எதைச் சமாளித்தாய்? ஒரு பிழையும் செய்யாத எனக்காக, என்னைக் கேளாமல், முகம் தெரியாத இருபத்துமூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். பொறுத்துக்கொள்ளவும் என்று எழுத உனக்கு யார் சொன்னது? அவர்கள் எதைப் பொறுக்க வேண்டும்? நான் கிராமத்தில் இருப்பதையா?

கார் காணாத பெண் என்று எழுதினாய். சரி, காணவில்லைத்தான். வழுக்கலைக் காணவில்லை என்று எப்படி எழுதினாய்? நீயே அதற்குச் சாட்சி.

2008 டிசம்பரில் சண்டைக்குப் பயந்து வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு ட்ரக்டரை ஓட்டினது யார்? அப்பாவுக்குக் காய்ச்சல். உனக்கு இருபத்திரண்டு வயது, சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. பின்னால் கொழுவின இழுவைப் பெட்டிக்குள் நெல்லு மூட்டை, குசினிச் சாமான், அம்மா, அப்பா, நீ. மேலே மழைக்கு மூடின படங்கு. மூன்று நாள் மழை, பாதை முழுக்கச் சேறு, முன்னும் பின்னும் சனம். விசுவமடுவுக்குப் போகிற வளைவில் ட்ரக்டரின் பின்பக்கம் பிடி விட்டு வலப்பக்கமாக இழுத்தது. வலப்பக்கம் வாய்க்கால். வாய்க்காலுக்கும் எங்களுக்கும் நடுவில் சைக்கிள் உருட்டிக்கொண்டு போன ஒரு குடும்பம். நான் வாய்க்கால் பக்கமே திருப்பினேன், தம்பி. பார்த்த சனம் எல்லாம், "பிள்ளை, அங்காலை இல்லை, இஞ்சாலை திருப்பு!" என்று கத்தினது. நான் திருப்பவில்லை. பெட்டி ஒரு ஆட்டம் ஆடி நேருக்கு வந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நீ படங்குக்குள் இருந்தாய். பெட்டி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். "அக்கா, மெல்லமாப் போங்கோவன்" என்று உள்ளே இருந்து கத்தினாய். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் அதைப்பற்றிப் பெரிதாகக் கதைக்கிற ஆள் இல்லை. பாவம் பார்க்கச் சொல்லி ஒரு நாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கையால்தான் அந்தச் சக்கரத்தை வெட்டினேன். என் தொழிலில் எனக்கு முழுசாகத் தெரிந்த ஒரு இடம் அது. அந்த இடத்தில் பார்த்து நீ துண்டை ஒட்டியிருக்கிறாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். வாங்கின ஒவ்வொருவருக்கும் எழுதி அந்தத் துண்டைத் திருப்பி எடு. பிழை என்று நீ சொன்னதுதான் பிழை என்று உன் வாயால் சொல். இல்லாவிட்டால் மிச்சம் பதினேழையும் எனக்குத் திருப்பி அனுப்பு. நாலாவது காருக்குத் தச்சுவேலை நடராசா அண்ணை சீவித் தந்த பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. நீ சொல்லும்வரைக்கும் அதில் உளி படாது.

ஜெயரூபி


கொவென்ட்ரி,
05.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுடைய கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் ஏச்சு கூடினதே தவிரக் குறையவில்லை.

விசுவமடு வளைவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா என் தலையைப் பிடித்துத் தன் மடிக்குள் அமத்தினா. அவ்வளவுதான் தெரியும். நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று பதினைந்து வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று இப்போது படுகிறது. பழைய பந்தயப் படங்களை யூடியூப்பில் பார்த்தேன். கார்கள் சர் சர் என்று போகின்றன, சக்கரம் எங்கே பார்க்கிறது என்று பிடிபடவில்லை. ஆனால் நீங்கள் சரியென்றே வைத்துக்கொள்வோம். இனி என்ன செய்வது அக்கா? விற்றது விற்றதுதான். வாங்கினவர்கள் சந்தோசமாக இருக்கிறார்கள். துண்டு ஒரு சின்னத் துண்டு, இதற்குள் அதைத் தொலைத்திருப்பார்கள். கிடக்கிறதைக் கிளறுவானேன்?

இன்னொரு விசயமும் இருக்கிறது. ஜூன் 15 சங்கத்தின் வருடாந்த விருந்து. எண்பது பேர் வருவார்கள். படங்களைப் பற்றி என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே எழும்பி நின்று, நான் சொன்னது பிழை, எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னால் என் மதிப்பு என்ன ஆகும்? தெரியாதவனிடம் ஏன் படம் வாங்குவது என்று மற்ற இரண்டு காரையும் வேண்டாம் என்றுவிட்டால்? நான் பெற்றோல் செட்டில் நிற்கிறவன். அந்த மண்டபத்தில் எனக்கென்று கதிரை போட்டதே உங்களுடைய படங்களால்தான். அந்த அவமானத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

உங்களைக் காப்பாற்ற நினைத்துத்தான் செய்தேன். அதை மட்டுமாவது நம்புங்கள்.

சுகிர்தன்


வட்டக்கச்சி,
27.05.2024

தம்பி,

நம்புகிறேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இரண்டு வார்த்தை ஏசிவிட்டு விட்டிருப்பேன்.

அந்த மண்டபத்தில் உனக்குக் கதிரை போட்டது என்னுடைய படங்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அதில் இருந்து எழும்பி நின்று இரண்டு வசனம் சொல்ல உனக்கு என்ன கஷ்டம்? உன் அவமானம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். என்னுடையது இருபத்துமூன்று வீட்டில் உறைக்குள் இருக்கிறது.

ஜூன் 15 சொல். இல்லாவிட்டால் பதினேழையும் குழாயில் போட்டு அனுப்பு. கொழும்பில் ஒரு ஓவியக்கூடத்தில் கேட்கிறார்கள். அங்கே துண்டு வைக்காமல் தொங்கவிடுவார்கள்.

மழை இல்லை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, சிறுபோக நெல்லு பரவாயில்லை. இதை ஊர்ப் புதினத்துக்காக எழுதினேன், சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே.

அக்கா


கொவென்ட்ரி,
18.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் நீளும். தண்ணீர் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு இருந்து வாசியுங்கள்.

எட்டாம் தேதி ஒரு இடத்துக்குப் போனேன். பழைய விமான ஓடுபாதை. கார் வழுக்கினால் என்ன செய்வது என்று அங்கே பழக்குகிறார்கள். நிலம் முழுக்கத் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறார்கள். பழக்குகிறவள் இருபத்தைந்து வயதுப் பெட்டை. பக்கத்தில் இருந்துகொண்டு, இடப்பக்கம் வளை என்றாள். வளைத்தேன். காரின் பின்பக்கம் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகத் தொடங்கியது. நான் பயத்தில் ஸ்டியரிங்கை இன்னும் இடப்பக்கம் முறுக்கினேன். அக்கா, கார் மூன்று சுற்றுச் சுற்றியது. வானம், புல், வானம், புல். நின்றபோது வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் சிரிக்காமல், "திரும்ப ஓடு" என்றாள். திரும்பவும் சுற்றினேன். மூன்றாம் முறையும். "போற பக்கத்துக்குத் திருப்பு! அது போற பக்கத்துக்கே!" என்று கத்தினாள்.

நாலாம் முறை கை தானாக வலப்பக்கம் போனது. கார் ஒரு ஆட்டம் ஆடி நேருக்கு வந்தது. திருப்பின ஸ்டியரிங்கை விடாமலே காரை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். உங்களுடைய படத்தில் நிற்கிற மாதிரியே நின்றது. நான் அழுதேன். பாவம், அந்தப் பெட்டை எனக்குத் தலைசுற்று என்று நினைத்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவளுக்கு நல்ல கார், வெறும் நிலம், பக்கத்தில் ஒருவரும் இல்லை. உங்களுக்குப் பெட்டிக்குள் நாங்கள், முன்னால் சனம், காதுக்குள் எல்லாரும் பிழையான பக்கம் திருப்பச் சொல்லிக் கத்துகிறார்கள். 

பதினைந்தாம் தேதி விருந்துக்குப் போனேன். பேச முதல் ஹரல்ட் கிழவரைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் இருந்தேன். நான் வாய் திறக்க முன்னம் அவர் சொல்கிறார்: "தம்பி, உன்ர அந்தத் துண்டு இருக்கே, அது அருமையான பகிடி. நான் படத்தையும் துண்டையும் சேர்த்து ஃபிரேம் போட்டு வைச்சிருக்கிறன்!"

அக்கா, அவர்கள் எல்லாரும் அதைப் பகிடி என்று நினைத்திருக்கிறார்கள்! சக்கரம் சரி என்று அந்த மண்டபத்தில் எண்பது பேருக்கும் தெரியும். பார்த்த முதல் நிமிடமே தெரியும். இவ்வளவு நுணுக்கமாக வழுக்கலை வெட்டத் தெரிந்த ஒருவர், "கார் காணாத கிராமத்துப் பெண், பொறுத்துக்கொள்ளவும்" என்று துண்டு வைத்தால் அது பகிடியாகத்தானே இருக்க வேண்டும்? எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஆணவம் என்று சிரித்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பெல்லாம் அதுதான். கண்காட்சியிலேயே சக்கரம் பிழை என்று நினைத்த ஒரே ஆள் நான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? நானும் கெட்டிக்காரன், நீங்களும் கெட்டிக்காரி, ஒருவருக்கும் ஒரு அவமானமும் இல்லை. உங்களுக்கு மட்டும், "சொல்லிவிட்டேன்" என்று பொய்யாக எழுதிவிடலாம். பெயர் கூப்பிட்டபோது அந்த எண்ணத்தோடுதான் எழும்பினேன்.

பின்சுவரில் உங்களுடைய மூன்று கார்களையும் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் மசராட்டி. அதைப் பார்த்தபிறகு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அது பகிடி இல்லை என்றேன். நான் உண்மையாகவே பிழை என்று நினைத்தேன் என்றேன். "என்ர அக்கா சரி எண்டு எழுதினவா, நான் நம்பேல்லை. அவாவைக் கேளாமல் அவாவுக்காக மன்னிப்புக் கேட்டன். போன கிழமை காரோடை மூண்டு தரம் சுத்தின பிறகுதான் விளங்கினது" என்று என் ஆங்கிலத்தில், இலக்கணம் எல்லாம் நொண்ட நொண்டச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹரல்ட் கிழவர்தான் முதலில் வாய் திறந்தார். "உங்கட அக்கா என்ன ஓட்டுறவா?" என்று கேட்டார்.

"ட்ரக்டர்" என்றேன்.

"எங்கை?"

"சேத்துக்கை."

கிழவர் தலையை ஆட்டினார். "அப்ப சரி" என்றார். பிறகு எழும்பி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்சுவருக்குப் போய், உங்களுடைய படத்துக்கு முன்னால் நின்று தன்னுடைய தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். நான் மேடையிலேயே மைக்கோடு நின்றேன், என்னை ஒருவரும் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் ஒரு நாளும் நின்றதில்லை.

இருபத்துமூன்று பேருக்கும் புதுத் துண்டு அனுப்பிவிட்டேன்: "முன்சக்கரங்கள் சரியான பக்கம் திரும்பியிருக்கின்றன. பிழை விற்றவருடையது. வெட்டியவர் ஜெயரூபி செல்வநாயகம், அச்சோவியர், வட்டக்கச்சி." கிராமத்துப் பெண் என்று எழுதவில்லை. மிச்சம் பதினேழும் அன்றைக்கே போய்விட்டது, அதனால் திருப்பி அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. நாலாவதையும் ஐந்தாவதையும் எப்போது தருவீர்கள் என்று கேட்கிறார்கள். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உங்களுடைய தம்பி,
சுகிர்தன்


வட்டக்கச்சி,
08.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் தனியாக வாசித்தேன். பிறகு பக்கத்து வீட்டு அருந்ததி அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். வானம், புல், வானம், புல் என்ற இடத்தில் அவா சிரித்த சிரிப்புக்கு முற்றத்தில் நின்ற கோழி எல்லாம் கலைந்து ஓடிவிட்டது.

எனக்கும் பெருமைதான், தம்பி. அந்தக் கிழவர் தொப்பி கழற்றினதற்கு ஒரு பங்கு. நீ எழும்பி நின்றதற்கு மிச்சம் முழுவதும். பேசாமல் இருந்திருக்கலாம் என்று எழுதினாயே, இருந்திருந்தால் எனக்கு ஒரு நாளும் தெரிந்திருக்காது. அதை நினைத்துத்தான் கூடுதலாகச் சந்தோசப்பட்டேன்.

அருந்ததி அக்கா சிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நீ எண்பது பேருக்கு முன்னால் சொன்ன பிறகு நான் ஒருவனுக்குச் சொல்லாமல் இருப்பது நியாயம் இல்லை.

உன்னுடைய முதல் கடிதம் எனக்குக் கிடைத்தது பெப்ரவரி இருபதாம் தேதி. சக்கரம் சரி என்று பதில் எழுதினது இருபத்தைந்து. இடையில் ஐந்து நாள் இருக்கிறது.

வாசித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கார் தெரிந்த நாட்டில் இருந்து எழுதுகிறான், இவன் சொல்வது சரியாக இருந்தால்? நாற்பது தாளிலும் பிழையை அடித்து, நாற்பதிலும் பென்சிலால் என் பெயரையும் எழுதி, பலகையையும் வெட்டிவிட்டு இருக்கிறேனே என்று சாப்பாடு இறங்கவில்லை. விசுவமடு வளைவைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க, எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. எனக்காக மன்னிப்புக் கேட்டு நீ துண்டு அடித்ததற்கு மூன்று கிழமை முன்னமே, நான் மனதுக்குள் அதே துண்டை எழுதிவிட்டேன். கிராமத்துப் பெண், கார் காணாதவள், பொறுத்துக்கொள்ளவும். சொல்லுக்குச் சொல் அதுதான்.

இருபத்தைந்தாம் தேதி காலை ட்ரக்டரை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாதைக்குப் போனேன். வயலுக்குத் தண்ணீர் விடுகிற துருசு கசிந்து சேறாகக் கிடக்கிற வளைவு ஒன்று இருக்கிறது. பின்னால் பெட்டி கொழுவவில்லை. நாற்பத்துநாலு வயதில், சட்டைக்கு மேல் ஆம்பிளைகளின் பழைய சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அந்த வளைவில் திரும்பத் திரும்ப ஓட்டினேன். முதல் தரம் வழுக்கவில்லை. இரண்டாம் தரம் புதைந்தது. நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நின்ற அருந்ததி அக்கா, "உனக்கென்ன பேய் பிடிச்சிட்டுதோ?" என்று அங்கிருந்தே கேட்டா. மூன்றாம் தரம் பின்பக்கம் விட்டது. கை போன பக்கத்தை என் கண்ணால் பார்த்தேன். படத்தில் சக்கரம் போன பக்கம்தான்.

கால் கழுவாமல் வந்து இருந்து உனக்கு எழுதினேன், சக்கரம் சரி என்று.

ஏப்ரலில் உன்னை அப்படி ஏசினேனே, அதில் பாதி எனக்கு நானே ஏசினது. எனக்குத் தெரிந்த ஒன்றை, என்னைத் தவிர அந்தப் பாதையில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை, ஒரு கடிதத்துக்குப் பயந்து சரிபார்க்கப் போனேன். அந்த வெட்கத்தை முழுவதும் உன் தலையில் கொட்டினேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். இதை நானே கேட்கிறேன், எனக்காக வேறு ஒருவரும் கேட்கத் தேவையில்லை.

போன வாரம் நாலாவது பலகையில் கை வைத்தேன். இந்தக் காரை மழைக்குள் விட்டிருக்கிறேன். முன்சக்கரம் ஒன்று நிலத்தை விட்டு ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. பந்தயக் கார் தெரிந்தவர்கள் பார்த்தால் சிலவேளை பிழை என்பார்கள். நீயும் சொல்லலாம், போனிலேயே சொல்லலாம், நம்பர் இப்போது போகும். நான் கேட்பேன். கேட்டுவிட்டு வெட்டுவேன். இந்த முறை சரிபார்க்கவென்று ட்ரக்டர் கொட்டிலை விட்டு வெளிக்கிடாது.

அன்புடன்,
அக்கா